பினாங்கில் எனக்குக் காது வலித்த கதை

ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் பெரிய ஹெட்ஃபோன் ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, “அடடா, என்ன அமைதி. கெணத்துக்குள்ள எறங்கின மாதிரி இருக்கு” என்று சொன்னேன். கடைக்கார அம்மாள் என் தோளைத் தட்டினார். அதை இன்னும் ஆன் செய்யவில்லையாம்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வரும் காரியங்களைப் படிக்கும்போது, ‘இவ்வளவு விவரமான ஆள் எப்படி இப்படி’ என்று நீங்கள் திகைக்க வேண்டியிருக்காது.

நான் அம்பத்தூரில் கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற மேலாளர். ரோட்டுச் சத்தம் காருக்குள் வராமல் தடுப்பதுதான் இருபத்தாறு வருடமாக என் பிழைப்பு. என் சொந்தக் காதுக்குத்தான் ஒரு பட்டை கிடையாது. போன வருடம் அலுவலகத்தில் அறைகளை எல்லாம் இடித்து ஒரே கூடமாக்கினார்கள். ஒளிவுமறைவில்லாமல் வேலை நடக்க வேண்டுமாம். வேலை நடக்கிறதோ இல்லையோ, ஒளிவுமறைவு போய்விட்டது. பக்கத்து மேசை சத்தியசீலன் பூந்தமல்லியில் வீடு கட்டுகிறார். அவர் கொத்தனாரோடு ஃபோனில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, அந்த வீட்டில் எத்தனை ஜன்னல், எந்த ஜன்னலுக்கு எந்தப் பக்கம் கொக்கி என்பதெல்லாம் அவர் மனைவியைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்த நிலையில் பினாங்குக்குப் போகச் சொன்னார்கள். நிபோங் திபால் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை, ரப்பரை அழுத்தி வார்க்கிற பழைய இயந்திரம் ஒன்றை விற்கிறது. அதை ஓட்டிப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டும். நான்கு நாள். விமானத்தில் எனக்குப் பின் இருக்கையில் ஒரு குழந்தை, ஏறியதிலிருந்து இறங்கும்வரை என் முதுகை உதைத்துக்கொண்டே அழுதது. முன் இருக்கையில் இருந்தவர் குறட்டையில் அதற்குத் தாளம் போட்டார். தரையிறங்கும்போதே தீர்மானித்துவிட்டேன், இரைச்சலை நிறுத்தும் ஹெட்ஃபோன் ஒன்று வாங்கியே தீருவதென்று. விமானத்துக்கும் ஆச்சு, சத்தியசீலனுக்கும் ஆச்சு.

விமான நிலைய வாசலில் தொழிற்சாலை அனுப்பிய டிரைவர் நின்றிருந்தார். பெயர் மணியம். என் வயதுதான் இருக்கும். மீசைக்கு மட்டும் சாயம் பூசிவிட்டு, தலையை அதன் போக்கில் விட்டிருந்தார்.

“பசியாறியாச்சா அண்ணே?” என்றார். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதை அங்கே அப்படித்தான் கேட்கிறார்கள்.

“ஆச்சுண்ணே” என்றேன்.

அவர் என்னை அண்ணே என்றார், நான் அவரை அண்ணே என்றேன். நான்கு நாளும் இப்படியே போயிற்று. தம்பியாக இருக்க இருவருமே சம்மதிக்கவில்லை.

காரை அவர்கள் காடி என்கிறார்கள், பேச்சின் முடிவில் ‘லா’ என்று ஓர் ஒட்டும் போடுகிறார்கள். காடி நகர்ந்ததும் மணியம் பேச ஆரம்பித்தார். பாசாரில் மீன் விற்கும் விலை, தன் பித்தப்பைக் கல், மச்சான் வாத்து வளர்த்து நொடித்துப்போனது, போன வருடம் இந்தியாவிலிருந்து வந்த இஞ்சினியர் நான்கு நாளும் தயிர் தேடி அலைந்தது. ஒன்று முடியும் முன்பே அடுத்தது. நடுவில் மூச்சு விட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் ஹோட்டல் நெருங்கும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

“எம் மவ தர்ஷினி உங்க ஊருக்குத்தான் வர்றா அண்ணே. சித்த வைத்தியம் படிக்க. ஒரே புள்ள. இன்னும் பத்து பதினஞ்சு நாள்ல பிளைட்டு.”

“நல்ல படிப்புண்ணே” என்றேன்.

“படிப்பு நல்லதுதான். அங்க நமக்குன்னு யாரு இருக்கா, சொல்லுங்க. எங்க வீட்டுக்காரிக்கு அண்ணன் முறையில ஒருத்தர் தாம்பரத்துல இருக்காரு. ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு. ஆனா ஒரு உதவி செஞ்சா ஒம்பது தடவ சொல்லிக் காட்டுற மனுஷன் லா. ‘ஏன், ஒங்க நாட்டுல காலேஜே இல்லியா’ன்னு கேக்குறாரு. பொம்பளப் புள்ள, மொத தடவ தனியா வருது. அதான் எனக்கு தூக்கமே இல்ல.”

இதை நான் முழுதாகக் கேட்டேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். அந்த நான்கு நாளில் அவர் சொன்னதில் நான் முழுதாகக் கேட்டது அநேகமாக இது ஒன்றுதான். அப்போது என்னிடம் ஹெட்ஃபோன் இல்லை.

மாலையில் கொம்தார் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்தக் கடையைப் பிடித்தேன். போகிற வழியில் ஒன்றைக் கவனித்தேன். சாலை நிறைய வண்டிகள், ஆனால் ஹார்ன் இல்லை. அரைமணி நேரத்தில் ஒரே ஒரு ஹார்ன் கேட்டது. அடித்தவரே வெட்கப்பட்டுக் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டார். எங்கள் ஊரில் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே ஹார்ன் வேலை செய்கிறதா என்று பார்ப்போம், பிரேக்கைப் போகப்போகப் பார்த்துக்கொள்வோம். சத்தமே இல்லாத ஊருக்கு வந்து சத்தத்தை நிறுத்தும் கருவி வாங்குகிறோமே என்று அப்போது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

கடைக்கார அம்மாள் சீனப் பெண்மணி, அறுபது வயதிருக்கும். ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசினார், எனக்குப் புரிந்த வரையில் தமிழில் தருகிறேன். “எங்கே போடப் போகிறாய்?” என்று முதலில் கேட்டார். விமானத்திலும் ஆபீசிலும் என்றேன். “மூக்குக் கண்ணாடி எப்போதும் போடுவாயா?” போடுவேன். “காது வேர்க்குமா?” இந்தக் கேள்வியை என்னை யாரும் அதுவரை கேட்டதில்லை. வீட்டில்கூட.

மூன்றை எடுத்து வைத்தார். காதுக்குள் செருகுகிற சின்னது ஒன்று. என் காதில் நிற்காமல் இரண்டு முறை சட்டைப் பைக்குள் விழுந்தது. இரண்டாவது பெரியது, பார்க்க மிக அழகு. ஆனால் கண்ணாடிக் காம்பு நடுவில் புகுந்து, அந்த இடைவெளி வழியாகச் சத்தம் உள்ளே வந்தது. கதவுக்கும் பட்டைக்கும் இடையில் நூலளவு இடைவெளி இருந்தாலே சரக்கைத் திருப்பி அனுப்புகிறவன் நான். அதை உடனே நிராகரித்தேன். மூன்றாவது, மெத்தென்ற பஞ்சு வைத்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் கிணற்று வசனம் பேசினேன்.

ஆன் செய்தபிறகு சோதனை. அம்மாள் மேசைக்கு அடியிலிருந்து தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்து, முழு வேகத்தில் வைத்து, என் காதுக்கு அருகில் பிடித்தார். என் தலையில் அந்தக் கருவிக்கு வேலை இருந்து பத்து வருடம் ஆகிறது. காற்று வருவது தெரிந்தது, சத்தம் எங்கோ அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. “இதுதான்” என்றேன்.

“ஒன்று தெரிந்துகொள்” என்றார் அவர், பெட்டியைக் கட்டியபடி. “இது மெஷினை நிறுத்தும். மனிதர்களை முழுதாக நிறுத்தாது. மனிதர்களை நிறுத்துகிற மாடல் இன்னும் வரவில்லை. வந்தால் நானே முதலில் என் வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்வேன்.”

மறுநாள் காலை, பாலத்தைத் தாண்டி நிபோங் திபால். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஹெட்ஃபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காடியில் ஏறினேன். மணியம் வாத்துப் பண்ணையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். நான் மெதுவாக ஹெட்ஃபோனைக் காதுக்கு ஏற்றினேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதன், “கொஞ்ச நேரம் பாட்டு கேக்கறேண்ணே” என்று சொல்லியிருப்பான். ஒத்த வயதுக்காரரை, வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுகிறவரை, ‘உன் பேச்சு வேண்டாம்’ என்று எப்படிச் சொல்வது. மனம் வரவில்லை. ஆகவே நாகரிகமான வழியைத் தேர்ந்தெடுத்தேன், பொய் சொன்னேன்.

“காதுல ஏசி காத்து பட்டா வலி எடுக்குதுண்ணே. டாக்டர் மூடி வைக்கச் சொல்லியிருக்கார்.”

வேறு எந்த இனத்துக்காரரும் இதை நம்பியிருக்க மாட்டார். ஆனால் மணியம் தமிழர். மார்கழி வந்தால் மற்ற உடம்பு எப்படிப் போனாலும் காதை மட்டும் மஃப்ளரால் கட்டிக்கொண்டு வெளியே போகிற கூட்டத்தின் வாரிசு. உலகத்து வியாதி எல்லாம் காது வழியாகத்தான் உள்ளே வருகிறது என்பது கடல் தாண்டியும் நம்மோடு வந்திருக்கிறது. அவர் முகம் மாறிவிட்டது. சட்டென்று ஏர்கோன் துவாரத்தை என் பக்கத்திலிருந்து திருப்பினார்.

“மொதல்லயே சொல்லக்கூடாதா அண்ணே. காது சும்மா இல்ல லா, நேரா மூளைக்குப் போயிரும்.”

பிறகு, எனக்குக் காது சரியில்லை என்பதால், இரண்டு மடங்கு சத்தமாகப் பேச ஆரம்பித்தார்.

கடைக்கார அம்மாள் சொன்னது சரி. எஞ்சின் நின்றது, டயர் நின்றது, ஏர்கோன் நின்றது. அந்தப் பரிசுத்தமான அமைதியில் மணியம் மட்டும் மிச்சமிருந்தார். வேறு வழியில்லாமல் ஃபோனில் மழைச் சத்தம் ஒன்றைப் பதிவிறக்கி வைத்தேன். தூக்கம் வராதவர்களுக்காக யாரோ பத்து மணி நேரம் மழையை மட்டும் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். அதைக் கொஞ்சம் ஏற்றியதும் மணியமும் மழையில் கரைந்து போனார். அவர் உதடு அசைவதும் மீசை ஏறி இறங்குவதும் மட்டும் தெரிந்தன. மரியாதைக்கு நான் அவ்வப்போது தலையாட்டினேன்.

தலையாட்டுவதில் எனக்கு அனுபவம் உண்டு. இருபத்தாறு வருடம் மேலாளர்கள் முன்னால் உட்கார்ந்து கற்றது. பேச்சைக் கேட்கவே வேண்டாம். எதிராளி புருவம் தூக்கினால் ஒரு ஆட்டு, பேச்சு நின்றால் இரண்டு ஆட்டு, அவர் பெருமூச்சு விட்டால் கண்ணை மூடி மெதுவாக ஒரு ஆட்டு. இதனால் எங்கள் அலுவலகத்தில் ‘பொறுமையாகக் கேட்கிற மனுஷன்’ என்று எனக்கு ஒரு பெயர். அன்று பாலத்தின் மேல் மணியம் இரண்டு முறை என் பக்கம் திரும்பி, புருவத்தைத் தூக்கி, பேச்சை நிறுத்தினார். இரண்டு முறையும் நான் நன்றாகவே தலையாட்டினேன். அவர் கண் லேசாகக் கலங்கியதுபோல் இருந்தது. பித்தப்பை விஷயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தொழிற்சாலையில் இயந்திரம் பிரமாதமாக அலறியது. நான் சிரித்துக்கொண்டே நின்றேன். மாலையில் மழைச் சத்தத்தோடு திரும்பி வந்து, ஹோட்டல் வாசலில் ஹெட்ஃபோனைக் கழற்றினால், வெளியே நிஜ மழை கொட்டுகிறது. பாலத்திலிருந்தே கொட்டுகிறதாம். பத்து மணி நேரப் பதிவைவிட அது நன்றாகவே இருந்தது.

மழை விட்டதும் நாசி கண்டார் சாப்பிடப் போனேன். சோற்றின் மேல் பல குழம்புகளைக் கலந்து ஊற்றித் தருகிற சாப்பாடு. வரிசை நீளமாக இருந்ததால் காதில் மாட்டியபடியே நின்றேன். என் முறை வந்தது. கரண்டிக்காரர் ஒவ்வொரு பாத்திரத்தையும் காட்டிப் புருவத்தைத் தூக்கினார், நான் பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். கோழி, கணவாய், மீன்முட்டை, ஆட்டுக்கறி, வெண்டைக்காய், முட்டை. கடைசியில் ஏதோ கேட்டார், அதற்கும் ஆட்டினேன். எல்லாக் குழம்பையும் ஒன்றாக ஊற்றிச் சோற்றை மூழ்கடித்துவிட்டார். ‘பஞ்சிர்’ வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். மலாயில் வெள்ளம். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பக்கத்து மேசையைத் துடைக்கிற சாக்கில் வந்து, “கூட யாரும் வரலியா அண்ணே, எல்லாம் உங்களுக்கேவா?” என்று தமிழில் விசாரித்தார்.

திரும்பும்போது டவுன் பஸ். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஜன்னலோர இருக்கை, காதில் ஹெட்ஃபோன், வயிற்றில் வெள்ளம். கண்ணை மூடினேன். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் அறவே போய்விட்டது. அதிர்வுகூட இல்லை. ‘என்ன ஒரு பொருள், கொடுத்த காசுக்குத் தகும்’ என்று மனதுக்குள் அந்த அம்மாளை வாழ்த்தினேன். கால்மணி நேரம் கழித்து பஸ் ஓட்டுநர் வந்து தோளைத் தட்டினார். பஸ் பழுதாகி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்கள். மூன்று முறை கத்திச் சொன்னாராம். “நீங்கள் தலையாட்டினீர்கள், அதனால் புரிந்துவிட்டது என்று விட்டுவிட்டேன்” என்றார் ஆங்கிலத்தில்.

கொஞ்சம் மூளை உள்ளவன் அங்கேயே சுதாரித்திருப்பான்.

மூன்றாம் நாள் காலை, காடியின் பின் இருக்கையில் ஒரு பெண் இருந்தாள். தர்ஷினி. விசா வேலையாக ஜார்ஜ்டவுனில் தோழி வீட்டில் தங்கியிருந்தவளை, நிபோங் திபாலில் இருக்கும் வீட்டில் விடக் கூட்டிப்போகிறார். “வணக்கம் அங்கிள்” என்றாள். “நல்லா படிம்மா” என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவிட்டு மழைக்குள் போய்விட்டேன். வழியில் ஒருமுறை அவள் முன்பக்கம் குனிந்து என்னிடம் ஏதோ சொன்னாள். கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டினேன். அவள் பின்னால் சாய்ந்து ஜன்னல் வழியாகச் செம்பனை மரங்களைப் பார்க்கத் தொடங்கினாள்.

மதியத்தோடு இயந்திரச் சோதனை முடிந்தது. மணியம் நேராகத் தன் வீட்டுக்கு வண்டியைத் திருப்பினார்.

“எங்கண்ணே போறோம்?” என்றேன், ஒரு காதைத் திறந்து.

“சாப்பிடத்தான். நேத்தே சரின்னீங்களே. வீட்டுல சொல்லி மீனெல்லாம் வாங்கியாச்சு.”

நேற்று வேறு எதற்கெல்லாம் சரி என்றேன் என்று அந்த நிமிடம்தான் யோசிக்க ஆரம்பித்தேன்.

வரிசை வீடுகளில் ஒன்று. மணியத்தின் மனைவி சரஸ்வதி, வாசலிலேயே, “காது எப்படிண்ணே இருக்கு?” என்றார். மீன் சம்பலும் ரசமும் தனித்தனியாக நினைவு வைத்துக்கொள்ளத் தக்கவை. ஆனால் சாப்பிட்டுக் கை கழுவியதும் அடுப்படியிலிருந்து பூண்டு காய்கிற வாசனை வந்தது. ஒரு சின்னக் கிண்ணத்தில் நல்லெண்ணெய், அதில் பூண்டு, ஓமம்.

“வேணாங்க, பரவால்ல” என்றேன்.

“வெக்கப்படாதீங்கண்ணே. தர்ஷினி, மொதல்ல நீ பாரு. வைத்தியம் படிக்கப் போற, இவரு ஒனக்கு மொத பேஷண்டு” என்றார் மணியம்.

அவள் ஹேண்ட்ஃபோன் விளக்கைப் போட்டு என் இரண்டு காதையும் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். “ரெண்டு காதும் நல்லாத்தாம்பா இருக்கு” என்றாள்.

“நீ இன்னும் படிக்கவே போவல” என்று அம்மா அவளை நகர்த்திவிட்டு என்னைச் சோபாவில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். இளஞ்சூட்டில் எண்ணெய் காதுக்குள் இறங்கியது. “பத்து நிமிஷம் ஆடக்கூடாது. ஆடினா எண்ணெய் வெளிய வந்துரும்.”

ஆகவே என் வாழ்க்கையில் முதல்முறையாகத் தலையாட்ட முடியாத நிலையில் ஓர் உரையாடலைக் கேட்டேன். மேல் காதில் எண்ணெய். கீழே இருந்த காது மிக நன்றாகக் கேட்டது.

“இந்த அண்ணன் வீட்டுல ரூம் இருக்கா, எப்படின்னு கேட்டீங்களா?” இது சரஸ்வதி.

“கேக்காமலா. மொத வாரம் அவங்க வீட்டுலதான் தங்குறா. ஹாஸ்டல் தொறந்ததும் இவரே கொண்டு போய் விட்டுட்டு, அங்க ஊர்க்காரர் ஒருத்தர் கையெழுத்துப் போடணுமே, அதையும் போட்டுருவாரு. ஏர்போர்ட்டுக்கும் இவருதான் வர்றாரு. பாலத்துல வெச்சு ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவையும் சரின்னுட்டாரு.”

“வாயத் தொறந்து சொன்னாரா?”

“தலையாட்டினாரு லா. பெரிய மனுஷன் தலையாட்டினா போதாதா? அந்த தெம்புலதான் தாம்பரத்துக்குப் போன் போட்டு, ‘நீங்க சிரமப்பட வேணாம், எங்களுக்கு ஆள் இருக்கு’ன்னு நேத்து சாயங்காலமே சொன்னேன்.”

“அதச் சொல்றதுக்கு ஒரு மொறை இல்லியா? அவரு எனக்குப் போன் பண்ணி, இனிமே எந்த ஒதவிக்கும் என் வாசப்படிய மிதிக்கக்கூடாதுன்னுட்டாரு. எங்க பக்கத்து ஆளு ஒருத்தர் இருந்தாரு, அதுவும் போச்சு.” சரஸ்வதியின் குரல் என் தலைக்கு மேல் வந்தது. “அண்ணே, எம் புள்ளய நம்பி அனுப்பலாம் இல்ல? நெசமாவே ஒங்களுக்கு சரியா?”

சுவரில் ஒரு பல்லி நகர்ந்தது. அதைப் பார்த்தபடி கணக்குப் போட்டேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பெண் யாருமில்லாத ஊரில் வந்து இறங்குவாள், அல்லது இறங்கவே மாட்டாள். மணியம் மனைவி முன்னாலும் மகள் முன்னாலும், கேட்காதவன் ஆட்டிய தலையைச் சம்மதம் என்று நம்பிய ஆளாக நிற்பார். சொல்லாவிட்டால், என் மனைவியிடம் நான் நிற்க வேண்டும். இரண்டில் எது பெரிய ஆபத்து என்று உடனே முடிவு செய்ய முடியவில்லை.

தர்ஷினி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. அவளுக்கும் பதில் வேண்டியிருந்தது.

“சரிங்க” என்றேன், வாயைத் திறந்து. “நான் வரேன். எங்க வீட்டுலயே தங்கட்டும்.” சொன்ன வேகத்தில் தலையும் ஆடிவிட்டது. எண்ணெய் கன்னத்தில் வழிந்து அவர்கள் சோபாவில் இறங்கியது.

“தாப்பா, தாப்பா, பரவால்லண்ணே” என்று மணியம் தன் கைக்குட்டையை எடுத்து என் கன்னத்தைத் துடைத்தார். நான் மட்டும் இதில் வெட்கப்பட வேண்டியவன் என்பது அவருக்குத் தெரியவில்லை.

ஹோட்டலுக்கு வந்து மனைவியைக் கூப்பிட்டேன். நடந்ததை அப்படியே சொன்னேன்.

“தலையாட்டினீங்களா” என்றாள். “பாத்ரூம் கொழாய்க்கு ஆறு வருஷமா தலையாட்டறீங்க. எனக்கு இது புதுசு இல்ல. அந்தப் பொண்ணுக்காவது நீங்க ஆட்டினது நடக்கட்டும். நம்ம பையன் ரூம் சும்மாத்தானே கெடக்கு, ஒழிச்சு வைக்கறேன்.” வைக்கும் முன்பு, “அது எவ்ளோ ஆச்சு, அந்தக் காதுல மாட்டறது?” என்றாள். விலையைக் கேட்டுவிட்டு, “இதைவிட அந்தக் கொழாய் மலிவு” என்றாள்.

நான்காம் நாள், விமான நிலையத்துக்குப் போகும் வழி. ஹெட்ஃபோனைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன். இன்று மணியம் பேசுகிற அத்தனையையும் கேட்பது, வாத்து முதல் மீன் வரை, என்ற விரதம். ஆனால் மணியம் வாயைத் திறக்கவில்லை. விமான நிலையத்தை ஒட்டிய பாயான் லெப்பாஸ் வரும்வரை ஒரு வார்த்தை இல்லை. எஞ்சின் ஓடுவதும் வைப்பர் தேய்வதும் துல்லியமாகக் கேட்டன.

“ஏதாவது பேசுங்கண்ணே” என்றேன், தாங்க முடியாமல்.

“வீட்டுல திட்டு லா. ‘காது வலிக்காரர்கிட்ட ரெண்டு நாளா மைக் செட் மாதிரி கத்தியிருக்கீங்களே’ன்னு. அதான் இன்னிக்கு ஓய்வு குடுக்கிறேன்.”

“அண்ணே, அந்த ரெண்டு நாளும் நான் உண்மையில...”

“தெரியும்ணே. வலியோடதான் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தீங்க.” அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். “எம் பேச்ச யாரும் அவ்வளவு நேரம் கேட்டதில்ல.”

பெட்டியை நானே இறக்கிக்கொண்டேன்.

விமானத்தில் பின்னால் குழந்தை இல்லை. ஹெட்ஃபோன் எஞ்சினை அடியோடு நிறுத்தியது, பயணத்துக்கு அது உத்தமமான பொருள் என்று சான்று தருகிறேன். அலுவலகத்துக்கு வாங்க நினைக்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் யோசிக்கவும். திங்கட்கிழமை மேசையில் உட்கார்ந்து போட்டேன். கூடத்தின் ஏசி உறுமல் நின்றது, மின்விசிறி நின்றது, பிரிண்டர் நின்றது. இத்தனை நாள் அவற்றின் பின்னால் ஒளிந்திருந்த சத்தியசீலன், ரேடியோ நிலையத்திலிருந்து பேசுவதுபோல் தெளிவாக வந்தார். மாடிப்படிக்குக் கைப்பிடி மரமா எவர்சில்வரா என்பது அவருக்குப் பிரச்சினை. மழையைப் போட விரல் போயிற்று, போடவில்லை. கழற்றி வைத்துவிட்டு, “மரமே வைங்க” என்றேன். அவர் அன்றைக்கு என்னிடம் ஒரு மணி நேரம் பேசினார்.

அடுத்த வாரம் மீனம்பாக்கத்தில், வருகை வாசலில், மனைவியும் நானும் நின்றோம். எங்களைச் சுற்றி ஊரே ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. தர்ஷினி இரண்டு பெரிய பெட்டிகளோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சத்தத்தில் ஒரு நொடி கண்ணைச் சுருக்கினாள். மனைவி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஃபோனில் மணியத்துக்கு, பத்திரமாக வந்துவிட்டாள் என்று நானே சொன்னேன். அவர் பேசிய எட்டு நிமிடத்தையும் கேட்டேன்.

மனைவி டாக்சி பார்க்க முன்னால் போனாள். தர்ஷினி கைப்பையிலிருந்து துணியில் சுற்றிய பாட்டில் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். திறக்காமலே பூண்டு வாசனை வந்தது.

“அம்மா குடுத்தாங்க. உங்க காதுக்கு.”

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய.

“அங்கிள், அன்னிக்கு காடியில பின்னாடி இருந்து, ‘உங்க தலைமேல பல்லி உக்காந்திருக்கு’ன்னு சும்மா சொல்லிப் பாத்தேன். நீங்க சரின்னு தலையாட்டினீங்க.”

தலையை அசைக்காமல் வைத்திருப்பதிலேயே கவனமாக இருந்தேன்.

“அப்பாகிட்ட சொல்லல” என்றாள் வண்டியைத் தள்ளியபடி. “அவரு பேசுறத நானும் கேக்க மாட்டேன் அங்கிள். ஆனா நான் தலையாட்ட மாட்டேன்.”